"வீட்ட கேட்டுச் சொல்றன்": உப்புவெளி ஹோட்டல் ஒன்றின் நேர்முகப் பரீட்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

சீசனுக்கு முந்திய மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. திருகோணமலை உப்புவெளியில் 40 அறை கொண்ட ஒரு ஹோட்டலில் முன்மேசை (ரிசெப்ஷன்) உதவியாளர் வேலைக்கு ஏழு பேரை நேர்முகம் கண்டோம். இடம் ஒன்றுதான். மூன்று பேர் கொண்ட குழுவில் நான் வெளியாள். பல வருடம் ஹோட்டல் கணக்குப் பகுதியில் இருந்துவிட்டு இப்போது வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் இப்படி அவ்வப்போது கூப்பிடுவார்கள்.

அன்று ஐந்தாவதாக வந்த பெண் பிள்ளையைப் பற்றியது இந்த ஆய்வு. மூதூர்ப் பக்கம், வயது 23. அவருக்கு வேலை கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து நிலாவெளியில் வேறொரு ஹோட்டலில் இதே வேலைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய ஆங்கிலம் பெரிதாகத் திருந்தவில்லை, புதிய சான்றிதழும் எடுக்கவில்லை. அப்படியானால் மாறியது என்ன? என் குறிப்புப் புத்தகத்தையும் அன்றைய புள்ளித்தாள்களையும் வைத்துப் பார்க்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

திருகோணமலையில் கடற்கரை ஹோட்டல்களுக்கு உழைப்பு மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் அறைகள் காலி. அதனால் ஆள் எடுப்பதெல்லாம் மார்ச், ஏப்ரலில் நடக்கும். எடுத்த ஆளைப் பழக்க ஒரு மாதமாவது வேண்டும். பழக்கிய ஆள் ஜூலையில், அறையெல்லாம் நிரம்பிக் கிடக்கும்போது, "நாளையில இருந்து வரமாட்டன்" என்று சொல்லிவிட்டால் முகாமையாளருக்கு அந்தச் சீசனே போச்சு. நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் தெரியாது. எதிரில் இருப்பவர் தங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அவரோ பாதி நேரம் தன் ஜூலை மாதத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

விருந்தினர் விஷயமும் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் வருகிறார்கள், சரி. ஆனால் பாடசாலை விடுமுறைகளிலும் நீண்ட வார இறுதிகளிலும் முன்மேசைத் தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் சிங்களம். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு என்று குடும்பமாக வான் பிடித்து வருகிறவர்கள். நம் பிள்ளைகள் நேர்முகத்துக்கு ஆங்கிலத்தை மட்டும் தீட்டிக்கொண்டு வருவார்கள்.

குழுவில் மற்ற இருவர்: முகாமையாளர் நீர்கொழும்பைச் சேர்ந்த சிங்களவர். தமிழ் ஓரளவு விளங்கும், பேச வராது. முன்மேசைப் பொறுப்பாளர் கிண்ணியாவைச் சேர்ந்த பெண், மூன்று மொழியும் தண்ணி மாதிரி. புள்ளித்தாளில் ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 20: தோற்றமும் நடத்தையும், மொழி, தொழில் அறிவு, அனுபவம், பொருத்தம். கடைசித் தலைப்பு என்னவென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கல்யாணப் பொருத்தத்துக்காவது பத்து என்று ஒரு கணக்கு இருக்கிறது.

அன்று அறைக்குள்

நேரம் 9 மணிக்குக் கொடுத்திருந்தோம். பிள்ளை 8 மணிக்கே வந்து வாசலில் இருந்ததாகக் காவலாளி சொன்னார். மூதூரில் இருந்து விடியப் புறப்பட்டு, கிண்ணியாப் பாலத்தால் நகருக்கு வந்து, அங்கிருந்து நிலாவெளி பஸ்ஸில் உப்புவெளி. 2009 இல் அந்த 396 மீற்றர்ப் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகில்) ஏறித்தான் கடக்க வேண்டும். இப்போது அந்தப் பாடு இல்லை. இருந்தாலும் மூதூர் மூதூர்தான். இரவில் திரும்பிப் போக பஸ் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் வாய் திறக்க முன்னரே அந்தக் கணக்கு எங்கள் மனதில் ஓடத் தொடங்கியிருந்தது.

உள்ளே வந்தார். சுத்தமான உடுப்பு, இழுத்துப் பின்னிய தலை, கையில் மார்போடு அணைத்த பிளாஸ்ரிக் ஃபைல். "இருங்க" என்று சொல்லும் வரை நின்றார். இருந்ததும் ஃபைலை மேசையில் வைத்து, இரண்டு கையாலும் எங்கள் பக்கம் தள்ளினார். முகாமையாளர் அதைத் திறக்கவில்லை. ஆங்கிலத்தில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

பாடமாக்கியது வந்தது. பெயர், பிறந்த இடம், அப்பா என்ன செய்கிறார், எத்தனை சகோதரம், எந்தப் பாடசாலை, பொழுதுபோக்கு புத்தகம் வாசித்தல். நடுவில் ஒரு வசனம் மறந்துபோக, மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். பார்வை முழுக்க மேசை விளிம்பில். முகாமையாளரின் பேனா அந்த இடத்திலேயே ஏதோ எழுதியது.

உயர்தரம் வர்த்தகம், அதன் பின் முன்மேசைப் பணிக்கு தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டம். அனுபவம்? "கொஞ்ச நாள் ஒரு கடையில நிண்டன் சேர்." என்ன கடை என்று நாங்கள் மூவரும் கேட்கவில்லை. இதை எழுத இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது இடம் பற்றிய கேள்வி: ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகச் சொல்வீர்கள்? பதில், திருகோணமலை உலகப் புகழ் பெற்ற இயற்கைத் துறைமுகம் என்று தொடங்கி, சமூகக்கல்விப் புத்தகம் மாதிரி ஓடியது. எல்லாம் சரியான தகவல். ஆனால் துறைமுகத்தைப் பார்க்க ஒருவரும் பிள்ளைகுட்டியோடு வான் பிடித்து வரமாட்டார்கள்.

பன்னிரண்டாவது நிமிடம் அளவில் முகாமையாளர் ஷிப்டைப் பற்றிக் கேட்டார். காலை ஷிப்ட் 7 முதல் 3, மாலை ஷிப்ட் 2 முதல் இரவு 10. மாலை ஷிப்ட் செய்வீர்களா?

"வீட்ட கேட்டுச் சொல்றன் சேர்."

பொருத்தம் என்ற தலைப்புக்கு நேரே அவர் 8 போட்டதை நான் பக்கத்தில் இருந்து கண்டேன். நேர்முகம் இன்னும் பத்து நிமிடம் நடந்தது. ஆனால் உண்மையில் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

பத்தொன்பதாவது நிமிடம்

கடைசியாகப் பொறுப்பாளர், பிள்ளையின் பதற்றத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, தமிழுக்கு மாறினார். "மகள், ராவு ஒரு ஆள் வாறார். புக்கிங் இருக்கு எண்டு சத்தம் போடுறார். எங்கட கணக்கில அவர்ர பேர் இல்ல, ரூமும் இல்ல. என்ன செய்வீங்க?"

முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தது.

"மிஸ், நான் நிண்டது காஸ் கடை. 2022 இல, லைன் இருந்த நேரம்."

2022 இன் சமையல் காஸ் தட்டுப்பாட்டை இலங்கையில் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். லொறி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் எத்தனை சிலிண்டர் இறக்கும் என்றும் தெரியாது. சனம் விடிய மூன்று மணிக்கே வெற்றுச் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த காலம். அந்த மேசையில்தான் இந்தப் பிள்ளை இருந்திருக்கிறார். முதலாளி பயத்தில் உள் அறைக்குள். இவர் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, அடையாள அட்டை இலக்கத்தோடு ஒவ்வொருவருக்கும் நம்பர் எழுதத் தொடங்கினார். கைக்குழந்தைக்காரருக்குத் தனிப் பக்கம்.

"ஒரு நாள் ஒரு அண்ணன் வந்து மேசையில அடிச்சார். நான் கொப்பியத் திருப்பிக் காட்டினன். அண்ணன், உங்கட நம்பர் 87. லொறி இண்டைக்கு 80 தான் இறக்கினது. நாளைக்கு வாற லோட்டில முதல் ஏழு பேருக்குள்ள நீங்க. இதில ஒரு கையெழுத்துப் போடுங்க எண்டன். தண்ணி குடிச்சிற்றுப் போனார். அடுத்த நாள் லொறி வரேல்ல. அதுக்கு அடுத்த நாள் வந்தது, முதல் நானே கோல் எடுத்துச் சொன்னன்." கொஞ்சம் நிறுத்தி, "ரூமும் அப்பிடித்தானே மிஸ். இல்லாதத இல்லை எண்டு காட்டோணும். எப்ப கிடைக்கும் எண்டும் சொல்லோணும்."

அறை நிரம்பிப் போன இரவில் முன்மேசையில் நிற்கிறவருக்கு இதைவிடத் தெளிவாக வேலையைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. அந்தக் கடையில் 14 மாதம். சுயவிபரக் கோவையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் உள்ளதை மட்டும் எழுதச் சொன்னார்களாம். கடை வேலையை எழுதினால் மதிப்புக் குறையும் என்று இவரும் நினைத்திருக்கிறார்.

முகாமையாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை வெளியே போனதும், என்ன சொன்னார் என்று பொறுப்பாளரிடம் கேட்டார். அவரும் அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில், காஸ் கடையில் வேலை செய்தாராம், வரிசையைப் பார்த்துக்கொண்டாராம் என்று சிங்களத்தில் ஒரு வரியில் சொன்னார். 87 ஆம் நம்பரும் கையெழுத்தும் அந்த வரியில் இல்லை. மூன்று மொழி ஊரில் நேர்முகம் வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆளின் மிகச் சிறந்த பதில், முடிவெடுக்கிறவருக்கு விளங்காத மொழியில் வந்து போய்விடலாம்.

புள்ளித்தாள்

முகாமையாளர் 52, பொறுப்பாளர் 71, நான் 58. மொத்தம் 300 க்கு 181. தெரிவானவர் தம்பலகாமத்துப் பையன்: 74, 68, 73. மொத்தம் 215.

என் தாளில் அனுபவம் என்ற இடத்தில் 6 என்று எழுதி வெட்டி 12 ஆக்கியிருக்கிறேன். அது காஸ் கடைக் கதைக்குப் பிறகு. ஆனால் பொருத்தத்துக்குப் போட்ட 10 ஐ மாற்றவில்லை. கதை நன்றாக இருந்தது, ஆனால் இந்தப் பிள்ளை வரமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வெறும் வாய்ச்சாலக்காரர் இல்லை. ஒரு நாள் கேள்விக்கு, காலையில் கடல் பெரும்பாலும் அமைதி, அதனால் எட்டு மணிக்கு முன்னரே நிலாவெளியில் படகு எடுத்துப் புறாத்தீவுக்குப் போங்கள், வெயில் ஏற முன் திரும்பலாம், பின்னேரம் கோட்டைக்குள் மான் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயில், நேரம் மிஞ்சினால் கன்னியா என்று, பிள்ளைகளோடு வருகிற ஒரு தகப்பனுக்குச் சொல்வது மாதிரியே சொன்னார். இன்றுவரை அதே ஹோட்டலில் நன்றாக வேலை செய்கிறார். பிழையான ஆளை எடுத்துவிட்டோம் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பையனிடம் முகாமையாளர் கேட்ட துணைக்கேள்விகள் 11. பிள்ளையிடம் 4. தம்பலகாமத்துக்கும் இரவு பத்துக்குப் பிறகு பஸ் கிடையாது. ஆனால் மாலை ஷிப்டுக்கு எப்படிப் போய் வருவாய் என்று பையனிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளை, மோட்டார் சைக்கிள் இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். இருந்ததா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஏன் அப்படி நடந்தது

முதல் பார்வை பற்றி எல்லோரும் சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2006 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், தொடோரோவ் இருவரும் வெளியிட்டது. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மனிதர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதாக மாறுவதில்லை, தீர்ப்பில் உள்ள நம்பிக்கைதான் கூடுகிறது. இதை வாசித்தவர்கள் உடனே சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்க்கவும் சிரிக்கவும் கற்றுக்கொடுக்கப் போய்விடுகிறார்கள். நான் அன்று கண்டது வேறு. முதல் பார்வை நேராகப் புள்ளியைக் குறைக்கவில்லை. கேள்விகளைக் குறைத்தது. 11 கேள்வி கேட்கப்பட்டவருக்குத் தன் திறமையைக் காட்ட 11 தடவை வாசல் திறந்தது. இந்தப் பிள்ளைக்கு நாலு. "என்ன கடை?" என்ற கேள்வி அந்த நாலில் இல்லை.

பிள்ளை பக்கத்தில் என்ன நடந்தது? ஃபைலில் இருந்து தொடங்கலாம். மாகாண சபை அலுவலகங்கள் இருக்கிற ஊர் இது. இங்கே நேர்முகப் பரீட்சை என்றால் சனத்துக்கு அரசாங்க நேர்முகம்தான் ஞாபகம் வரும். அதிலே பொது நேர்முகப் பரீட்சை என்று ஒன்று. புள்ளி கிடையாது, விண்ணப்பத்தில் எழுதிய தகைமை உண்மையா என்று மூலச் சான்றிதழைப் பார்ப்பதோடு சரி. கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்பது மற்றது, அதில் தகைமைக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு என்று அறிவித்தலிலேயே புள்ளி பிரித்திருக்கும். இரண்டிலும் ஃபைல்தான் பேசும். பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அக்காவும் அண்ணனும் அப்படித்தான் போய் வந்திருப்பார்கள். அந்தப் பிள்ளை ஃபைலை எங்கள் பக்கம் தள்ளியதன் பொருள், "எல்லாம் இதில இருக்கு, பாருங்க" என்பது. தனியார் ஹோட்டல் முகாமையாளருக்கு ஃபைல் வேலை கிடைத்த பிறகு அலுவலகத்தில் கொடுக்கும் காகிதக்கட்டு.

மேசை விளிம்பைப் பார்த்தது பயத்தால் மட்டும் இல்லை. பெரியவர் முன்னே நிமிர்ந்து பார்த்துப் பேசினால் "வாய் காட்டுறாள்" என்று சொல்லும் ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மரியாதை. என் மகளே இப்படி இருந்தால் நான் பெருமைப்பட்டிருப்பேன். முன்மேசைக்கு ஆள் தேடும்போது அதே அடக்கத்துக்கு 13 புள்ளி போட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடக் கனத்தது "வீட்ட கேட்டுச் சொல்றன்" என்ற பதில்தான். வீட்டுக் கணக்கில் அது பிழையே இல்லை. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தால் அதற்குப் பிறகு எங்கே படுப்பது, யார் கூட்டிக்கொண்டு போவது என்பதெல்லாம் அந்தப் பிள்ளை தனியாக முடிவெடுக்கிற விஷயம் இல்லை. பொறுப்பாளர் பின்னர் என்னிடம் சொன்னார்: "உள்ளதச் சொன்னா. மத்தவங்க எல்லாம் ஓம் எண்டு போட்டு, வந்த பிறகு அழுவாங்க." முகாமையாளர் காதில் அதே வசனம், ஜூலையில் நின்றுவிடுவார் என்று விழுந்தது. ஒரே பதில் ஒருவருக்கு நேர்மை, இன்னொருவருக்கு அபாயச் சங்கு. முகாமையாளரின் உண்மையான கேள்வி, நான் ஒருத்தரைப் பழக்கி எடுத்த பிறகு நடுச் சீசனில் தவிக்க விடமாட்டீர்களே என்பது. அதற்கு அந்த அறையில் பதிலே வரவில்லை.

குழுவின் பிழையையும் சும்மா விட முடியாது. எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே ஒழுங்கில் கேட்டு, பதிலுக்குப் பதில் புள்ளி போடுவதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் கட்டமைக்கப்பட்ட நேர்முகம். ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 1998 இல் பல பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பிற்கால வேலைத்திறனோடு கட்டமைத்த நேர்முகத்துக்கு உள்ள தொடர்பு 0.51, கட்டமைக்காததற்கு 0.38 என்று அவர்கள் கணக்கு. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை. 2022 இல் சக்கெட்டும் மற்றவர்களும் அந்தக் கணக்கைத் திருத்தியபோது இரண்டும் இறங்கின: 0.42, 0.19. இடைவெளி இன்னும் கூடிவிட்டது. தேநீர் குடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகம், ஆளைப் பற்றிச் சொல்வதைவிடக் கேட்கிறவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. எங்கள் தாளில் தலைப்புகள் இருந்தன, கேள்விகள் இல்லை.

இரண்டாவது தடவை

ஜூலையில் பொறுப்பாளர் கோல் எடுத்தார். நிலாவெளியில் தெரிந்த ஹோட்டலில் ஒருவர் இடைநடுவில் நின்றுவிட்டாராம். "அந்த மூதூர்ப் புள்ளைய அனுப்பவா? நீங்க கொஞ்சம் கதைச்சு விடுங்களன்."

எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு பின்னேரம் சந்தித்தோம். தாயும் கூட வந்திருந்தார். முதல் நாள் நாங்கள் நேர்முகத்தைப் பற்றிப் பேசவே இல்லை, ஷிப்டைப் பற்றித்தான் பேசினோம். தாயிடமே கேட்டேன்: மாலை ஷிப்டுக்கு விடுவீங்களா? அவர் நிறைய நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அலஸ்தோட்டத்தில் தங்கச்சி இருக்கிறா, அவவோட கதைச்சுப் பாக்கிறன் என்றார். மற்றக் கிழமை பதில் வந்தது: மாலை ஷிப்ட் உள்ள நாட்களில் சின்னம்மா வீட்டில் தங்கலாம், ஆனால் ஹோட்டலில் இருந்து கொண்டுவந்து விட வேண்டும். அதைப் பிள்ளையே ஹோட்டலுக்குக் கோல் எடுத்துக் கேட்கட்டும் என்றேன். தயங்கினார். நேர்முகத்துக்கு முன்னரே கேட்டால் திமிர் என்று நினைப்பார்களாம். கேட்டார். ஊழியர் வான் நகர் வரைக்கும் போகும், அலஸ்தோட்டம் வழிதான் என்றார்கள்.

அடுத்தது காஸ் கடை. அதை எங்கே சொல்வது? முதல் கேள்விக்கே. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் பிறந்த இடமும் சகோதரமும் வேண்டாம். 14 மாதம் ஒரு காஸ் கடை மேசையில் இருந்தேன், 2022 இல் தினமும் இருநூறு முந்நூறு பேர், நம்பர் கொப்பி நான்தான் வைத்தேன், கோபமாக வருகிறவரோடு பேசப் பழகினது அங்கேதான். இவ்வளவையும் அவருக்கு வருகிற ஆங்கிலத்திலேயே எழுதினோம். இலக்கணம் ஓரிடத்தில் பிழைத்தது, நான் திருத்தவில்லை. திருத்தினால் மறுபடி பாடமாக்குவார்.

பார்வை விஷயத்தில் என் உபதேசம் எடுபடவில்லை. கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவங்களுக்கு நடுவே பாருங்கள் என்று பயிற்சிகளில் சொல்வது போலச் சொன்னேன். பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தார். தாய்தான் சொன்னார்: "கடையில நிக்கேக்க எல்லாரையும் நிமிந்து பாத்துத்தானே கதைச்சாய். அங்கயும் கடையில நிக்கிற எண்டு நினை." என்னுடைய இத்தனை வருடப் பயிற்சிக் குறிப்பிலும் இந்த வசனம் இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன்.

சிங்களத்துக்குப் பொறுப்பாளர் பதினைந்து தொலைபேசி வசனம் எழுதிக் கொடுத்தார். அறை இருக்கிறது, இல்லை, எத்தனை பேர், எத்தனை இரவு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அந்த நேர்முகத்தில் நான் இருக்கவில்லை. பிள்ளை சொன்னதையும், பொறுப்பாளர் அங்கே விசாரித்துச் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். முதல் நிமிடத்திலேயே காஸ் கடை. அந்த முகாமையாளர் கதிரையில் முன்னுக்கு வந்து கேட்கத் தொடங்கிவிட்டார்: ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர், ஆர் ஆருக்கு முன்னுரிமை, அடிதடி வந்ததா, முதலாளி என்ன செய்தார். தனக்கும் கொழும்பில் வரிசையில் நின்ற கதை இருந்ததாம். ஃபைல் பிள்ளையின் மடியிலேயே இருந்தது.

எல்லாம் வழுவழுவென்று போகவில்லை. சிங்களத்தில் விலைக்கழிவு பற்றிக் கேட்டது விளங்கவில்லை. பதினைந்தாவது வசனத்தைப் பாவித்து, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். அவர் மறுபடி சொன்னார், அப்போதும் பாதிதான் விளங்கியது. விலைக்கழிவு தர எனக்கு அதிகாரம் இருக்காது, முகாமையாளரிடம் கேட்டுச் சொல்வேன் என்று ஆங்கிலமும் சிங்களமும் கலந்து சொன்னார். புறாத்தீவு பற்றிய பதிலில் அது இரண்டு தீவு, 2003 இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள் என்றெல்லாம் சமூகக்கல்வி எட்டிப் பார்த்திருக்கிறது. ஆனால் படகு எங்கே எடுப்பது, பவளப்பாறையை மிதிக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள் என்பதும் சேர்ந்தே வந்ததாம்.

ஷிப்ட் கேள்வி வர முன்னரே அவரே சொல்லிவிட்டார்: மாலை ஷிப்ட் நாட்களில் அலஸ்தோட்டத்தில் தங்குவேன், உங்கள் ஊழியர் வான் அந்த வழியால் போகிறதென்று கேட்டு அறிந்தேன். "நீதானா அந்தக் கோல் எடுத்தது?" என்று அவர் கேட்டாராம்.

கடைசியில், ஏதாவது கேட்க இருக்கிறதா என்றபோது, மார்ச்சில் சொன்ன "இல்ல சேர்" இம்முறை வரவில்லை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, விருந்தினர் பில்லில் சேர்த்து ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் சேர்விஸ் சார்ஜ் சீசனில் எவ்வளவு வரும், நவம்பரில் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டார். நவம்பரைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான் என்றாராம். சேமலாப நிதிக்கு (EPF) ஊழியரிடம் 8 வீதம் கழிப்பதும் முதலாளி 12 வீதம் போடுவதும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதில் தங்கியிருக்கிறது, அதனால் அதைத் தனியாகக் கேள் என்று நான் சொல்லியிருந்தேன். சொன்ன தொகைக்கு உடனே ஓம் என்றுவிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். அதைச் சொன்னபோது, "முதல் நாளே கேக்க ஏலுமா சேர்" என்றார். நான் ஏலும் என்கிறேன். தாய் பிள்ளை பக்கம்.

முதல் இரண்டு கிழமையில் வான் இரண்டு தடவை வரவில்லை. சின்னப்பா மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

உப்புவெளியில் அடுத்த தடவை ஆள் எடுத்தபோது புள்ளித்தாள் மாறியிருந்தது. ஐந்து கேள்வி அச்சடித்திருந்தது, எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு. மூன்றாவது கேள்வி: நீங்கள் செய்த எந்த வேலையானாலும், வீட்டுக் கடையானாலும், அதில் ஒரு கஷ்டமான நாளைச் சொல்லுங்கள். நான்காவது, மாலை ஷிப்டுக்கு எப்படிப் போய் வருவீர்கள் என்பது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ஆண் பெண் எல்லோரிடமும் கேட்கவும் என்று பொறுப்பாளர் பேனாவால் எழுதியிருந்தார். பொருத்தம் என்ற தலைப்பை எடுத்துவிட்டோம். முகாமையாளர் அதற்கு இன்னும் அரைமனதுதான். தன் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு இலக்கம் போட்டுக்கொள்கிறார், நாங்கள் கூட்டுவதில்லை.